வேலைப்பாடுள்ள போர்வையும் ஸ்பெஷல் எடிஷன் மடிக்கணினியும்



பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால், மஃரிப் தொழுகைக்குப் பின் மதரஸா வாசலில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளும் மாறிவிடுகின்றன. நோன்புக் காலத்தில் ஃபித்ரா, ஸகாத் என்று கேட்டவர்கள், இப்போது மடிக்கணினியைப் பற்றிக் கேட்கிறார்கள். கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தறியாத ஓர் உஸ்தாதிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் வியந்தோம். பிறகுதான் புரிந்தது. அவர்களுக்கு வேண்டியிருப்பது அனுமதி. சாதாரண மாடலை வாங்குவதற்கு எவரும் நம்மிடம் வந்து நின்றதில்லை. ஸ்பெஷல் எடிஷன் வாங்குகிறவர்கள்தாம் வருகிறார்கள். உள்ளத்தில் எங்கோ உறுத்துகிறது. ஒரு ஹஜ்ரத்தின் வாயிலிருந்து "பரவாயில்லை" என்ற சொல்லைப் பெற்றுக்கொண்டால் அந்த உறுத்தல் அடங்கிவிடும் என்று எண்ணுகிறார்கள்.

அந்தச் சொல்லை இனி நாம் எளிதில் தருவதாக இல்லை. காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறோம். சிலருக்குக் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு நடந்தது இது. முகத்துவாரக்குப்பத்துக்கு அருகில் குடியிருக்கும் ஒரு சகோதரர், கன்டெய்னர் யார்டில் வெல்டிங் வேலை செய்பவர். மகனுக்குக் கல்லூரியில் பி.சி.ஏ. இடம் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த 60,000 ரூபாயைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தந்தையும் மகனும் எண்ணூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனார்கள். கடைக்காரர் ஒரே மாடலை இரண்டு விதமாக எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சாம்பல் நிறம், விலை 58,000. மற்றொன்று ஏதோ ஒரு விளையாட்டின் பெயரால் வந்தது, மூடியில் சித்திரம், விசைப்பலகையில் வேறு நிற எழுத்து, கூடவே ஒரு பையும் மவுஸும், விலை 72,000.

"அத்தா, இது லிமிடெட். அடுத்த வாரம் வந்தா கிடைக்காது" என்றான் மகன்.

தந்தை கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார். "கைக்காசை எதுக்கு பாய் செலவு பண்றீங்க? நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கு. மாசம் 6,000, பன்னெண்டு மாசம். உங்களுக்கு வட்டின்னா ஆகாதுன்னு தெரியும். இதுல வட்டியே கிடையாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

சகோதரரிடம் கிரெடிட் கார்டு இல்லை. மனைவியின் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார்கள். மச்சான் வந்து தம் கார்டைத் தேய்த்துக் கொடுத்தார். 72,000 ரூபாயும் தவணைக்குப் போயிற்று. சீட்டுப் பணம் 60,000 அப்படியே வீடு திரும்பியது. வீடு திரும்பிய பணம் வீட்டில் தங்குமா? ஒரு மாதம் கூரைக்கு ஷீட் மாற்றினார்கள். ஒரு மாதம் மூத்தவருக்கு மருத்துவம். ஒரு நிக்காஹுக்கு அன்பளிப்பு. ஐந்தாம் மாதம் யார்டில் வேலை குறைந்தபோது, தவணைக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. தாமதக் கட்டணம் விழுந்தது. அதன்மேல் கார்டு வட்டி ஓடத் தொடங்கியது. "ஐந்தாம் தேதி தருகிறேன்" என்றவர் பதினைந்து என்றார். பதினைந்து போய் மாதக் கடைசி என்றார். மச்சான் வீட்டு வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அக்காளும் தம்பியும் அன்றிலிருந்து பேசுவதில்லை. பெருநாளைக்கும் அவர் வரவில்லை.

அதற்கு மறுநாள் அந்தச் சகோதரர் நம்மிடம் வந்து உட்கார்ந்தார். "ஹஜ்ரத், வட்டி இல்லைன்னு நெனச்சுத்தான் எடுத்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கடனிலிருந்து நபி (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் அடிக்கடி பாதுகாவல் தேடியதையும், ஏன் இவ்வளவு தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேச்சில் பொய்யும் வாக்கில் முறிவும் வந்துவிடும் என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னதையும் புகாரியில் பல முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அந்த ஹதீஸ் ஒரு நல்ல மனிதரின் முகத்தில் எழுதப்பட்டிருந்ததை அன்றுதான் கண்டோம். அவர் பொய்யர் அல்லர். 14,000 ரூபாய் வித்தியாசம் அவரைப் பொய் சொல்ல வைத்தது.

நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவர் ரிச்சி தெருவில் மடிக்கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். இரண்டு மாடல்களின் விவரத்தாளையும் அவரிடம் கொடுத்து ஒப்பிடச் சொன்னோம். அரை மணி நேரத்தில் தாளைத் திருப்பித் தந்தார். செயலி ஒன்றே. ரேம் 16 ஜிபி, இரண்டிலும். எஸ்.எஸ்.டி. 512 ஜிபி, இரண்டிலும். திரை ஒன்று, மின்கலம் ஒன்று, உத்தரவாதமும் ஒன்று. "ஹஜ்ரத், ரெண்டையும் மூடியைக் கழற்றி என்கிட்ட குடுத்தா எது எதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

இது புதிய தந்திரமும் இல்லை. 2000-களின் தொடக்க ஆண்டுகளிலேயே ஏசர் நிறுவனம் ஃபெராரி கார் நிறுவனத்தின் குதிரைச் சின்னத்தைப் பதித்துச் சிவப்பு மூடியுடன் மடிக்கணினி விற்றது. 2006-இல் அசூஸ் லம்போர்கினியின் பெயரை வாங்கியது. 2015-இல் எச்.பி. 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் பெயரில் ஒன்றை வெளியிட்டது. 2021-இல் அசூஸ், ஆலன் வாக்கர் என்ற இசைக்கலைஞரின் பெயரில் ஒன்று. லெனோவோ 2017-இல் திங்க்பேடின் 25-ஆம் ஆண்டு நினைவாக ஒரு பதிப்பு கொண்டுவந்தது. பழைய பாணி விசைப்பலகையைத் தவிர்த்தால், அடிப்படையில் அது அவ்வாண்டின் டி470 மாடல்தான். காரில் ஏறாதவனுக்குக் காரின் பெயர், படத்தில் நடிக்காதவனுக்குப் படத்தின் பெயர். வாங்குகிறவன் தன் பணத்தைக் கொடுத்து, இன்னொருவரின் விளம்பரப் பலகையைத் தன் கையில் தூக்கித் திரிகிறான்.

எல்லாச் சிறப்புப் பதிப்பையும் ஒரே கூடையில் போட்டுக் கண்டிக்கிறோம் என்று எண்ண வேண்டாம். டெல் நிறுவனம் 2012 முடிவில் எக்ஸ்.பி.எஸ். 13 மாடலில் 'டெவலப்பர் எடிஷன்' என்ற ஒன்றை உபுண்டு லினக்ஸ் நிறுவி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மென்பொருள் எழுதுகிறவனுக்கு அதில் உண்மையான பயன் உண்டு. சில மாடல்களில் 'ஸ்பெஷல்' என்பது கூடுதல் ரேமையோ, நல்ல திரையையோ குறிக்கும். இப்போதைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது; பிறகு கூட்ட முடியாது. அத்தகையதில் 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி வேண்டுமென்று கூடுதல் விலை தருவது விரயம் ஆகாது. கட்டடக்கலை படிக்கும் மகளுக்கும் காணொளித் தொகுப்பு கற்கும் மகனுக்கும் தேவை வேறு. பிரச்சினை மூடிக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றியது அல்ல. மூடியே வித்தியாசமாக இருப்பதைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

இப்போது "வட்டியே கிடையாது" என்ற வாக்கியத்துக்கு வருவோம். நம் மக்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நம்மில் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள்.

அந்தச் சகோதரரின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 6,000 வீதம் பன்னிரண்டு மாதம், மொத்தம் 72,000. வெளிப்பார்வைக்கு ஒரு பைசா கூடுதல் இல்லை. ஆனால் வங்கி அதை எப்படி எழுதிக்கொள்கிறது? ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு மாதத்தில் 72,000 ஆகித் திரும்பும் அசல் ஏறக்குறைய 66,476 ரூபாய். மிச்சம் 5,524 ரூபாயும் வட்டி. அந்த வட்டித் தொகையைக் கடையோ நிறுவனமோ 'தள்ளுபடி' என்ற பெயரில் விலையில் கழித்துவிடுகிறது. வங்கி அதை வட்டி என்ற பெயரிலேயே வாங்கிக்கொள்கிறது. இது ஊகம் என்பவர்கள் மாதாந்தரக் கார்டு அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். அசல் ஒரு வரியிலும் வட்டி இன்னொரு வரியிலும் தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி: வட்டிமீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. நம் கணக்கில் அது 994 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி.

இல்லாத வட்டிக்கு எந்த அரசாவது வரி வசூலிக்குமா?

இதை நாம் சொல்வதால் நம்ப வேண்டாம். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர் 17 அன்று வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய விழுக்காடு வட்டி என்ற ஒன்றே கிடையாது என்ற கருத்தைத் தெளிவாகச் சொல்லி, கார்டுத் தவணைகளில் வட்டி செயலாக்கக் கட்டணமாக வேடமிட்டு வருவதையும் சுட்டிக்காட்டியது. வட்டியைத் தொழிலாகக் கொண்ட நாட்டின் மைய வங்கியே "இதில் வட்டி இருக்கிறது" என்கிறது. வட்டியை ஹராம் என்று நம்பும் நாம் "இதில் வட்டி இல்லை" என்று கடைக்காரர் சொன்னதை நம்பிக் கையெழுத்திடுகிறோம்.

தவணை வியாபாரமே கூடாதென்று சொல்லவில்லை. கடைக்காரரே பொருளுக்குச் சொந்தக்காரராக இருந்து, ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடுதலான ஒரு விலை என்று பேசி, இரண்டில் ஒன்றை முடிவாக்கி விற்றால் அது கூடும் என்பது பெரும்பான்மை ஃபுகஹாக்களின் கருத்து. 1990-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் அவ்வாறே தீர்மானித்தது. தவணை தாமதமானால் அபராதம் கூட்டுவது கூடாது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. அங்கே விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், இடையில் ஒரு பொருள். கார்டுத் தவணையில் வங்கி பொருளை விற்கவில்லை; பணத்தைக் கடனாகத் தந்து பணத்தைக் கூடுதலாக வாங்குகிறது. தவறினால் அபராதமும் அதன்மேல் வட்டியும் என்ற நிபந்தனைக்குத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறோம். மொத்தத் தொகை கூடாதவரை கூடும் என்று சொல்லும் ஆலிம்களும் இருக்கிறார்கள் என்பதை அறிவோம். அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் கார்டு அறிக்கையை அவர் முன் விரித்து வைத்துவிட்டுக் கேளுங்கள். விளம்பரத் தாளை வைத்துக் கேட்டால் விளம்பரத்துக்கான பதில்தான் கிடைக்கும்.

அந்தச் சகோதரர் 58,000 ரூபாய் மாடலை எடுத்திருந்தால்? கையில் 60,000 இருந்தது. கார்டும் வேண்டாம், மச்சானும் வேண்டாம், வங்கியும் வேண்டாம். ரொக்கம் கொடுத்துவிட்டு மீதி 2,000 ரூபாயில் தந்தையும் மகனும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அவரை வட்டியின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தியது வறுமை இல்லை. ஒரு மூடியின் நிறம்.

நிறம் என்றதும் 'அல்பகரா' அத்தியாயம் நினைவுக்கு வருகிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட அத்தியாயத்துக்கு ஒரு மாட்டின் பெயர் வந்த கதையை மக்தபில் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். மூஸா (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் ஒரு மாட்டை அறுக்கும்படி இறைக்கட்டளையை எடுத்துச் சொன்னார்கள். ஏதேனும் ஒரு மாட்டை அறுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அவர்கள் அது எப்படிப்பட்டது என்று கேட்டார்கள். பிறகு அதன் நிறம் என்ன என்று கேட்டார்கள். பார்ப்பவர் கண்ணைக் கவரும் மஞ்சள் என்று விடை வந்தது. அதன் பின்னும் கேள்வி ஓயவில்லை. கேட்கக் கேட்க நிபந்தனை கூடியது. நிபந்தனை கூடக் கூட மாடு அரிதாயிற்று. எளிதாக இருந்ததைத் தாமே கடினமாக்கிக்கொண்டார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். மகன் கல்லூரியில் படிக்க ஒரு கணினி வேண்டும். இதில் நிறம் என்ற கேள்வியைக் கொண்டுவந்தது யார்?

"அல்லாஹ் அழகானவன், அழகை நேசிக்கிறான் என்று ஹதீஸ் இருக்கிறதே, ஹஜ்ரத்?" என்று இளைஞர்கள் உடனே கேட்பார்கள். இருக்கிறது, முஸ்லிமில் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிப்பது. நல்ல ஆடையையும் நல்ல செருப்பையும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டதற்கு வந்த பதில் அது. பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதும்தான் என்று அதே ஹதீஸ் முடிகிறது. முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த இருக்கையில் சாம்பல் நிற மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவனை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? அவன் உங்களைவிடக் குறைந்தவன் என்ற எண்ணம் ஒரு நொடியும் எழாவிட்டால், அந்த ஹதீஸ் உங்களுக்குச் சாதகம்தான். அதை விற்கிறவர்கள் சொல்வதோ, "எல்லோரிடமும் இருப்பதல்ல இது" என்பது. 'லிமிடெட்' என்ற சொல்லுக்கே பொருள் அதுதான்.

நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. 'கமீஸா' எனப்படும் வேலைப்பாடுள்ள கம்பளிப் போர்வை ஒன்றை அபூ ஜஹ்ம் (ரலி) அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். அது ஷாம் நாட்டுப் போர்வை என்று முவத்தா அறிவிப்பு கூறுகிறது. அதை அணிந்து நபியவர்கள் தொழுதார்கள். தொழுகையில் அந்த வேலைப்பாட்டின்மீது ஒருமுறை பார்வை சென்றது. தொழுது முடித்ததும், இதை அபூ ஜஹ்மிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள 'அன்பிஜானிய்யா'வை வாங்கி வாருங்கள் என்றார்கள். அன்பிஜானிய்யா என்பது கோடும் வேலைப்பாடும் இல்லாத சாதாரணக் கம்பளி.

போர்வை இரண்டும் போர்வைதான். குளிரைத் தடுப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இருந்ததாக எங்கும் இல்லை. விலை உயர்ந்ததைக் கொடுத்துவிட்டு எளியதைக் கேட்டு வாங்கினார்கள். கேட்டு வாங்கியதிலும் ஒரு நுட்பம் உண்டு: கொடுத்தவர் தம் அன்பளிப்பு மறுக்கப்பட்டதென்று மனம் வருந்தக் கூடாது என்பதற்காகவே அவரிடமிருந்து மற்றொன்றைப் பெற்றார்கள் என்று உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். வேலைப்பாடுள்ள ஆடை ஹராம் என்று இதிலிருந்து எவரும் சட்டம் எடுக்கவில்லை. நாமும் எடுக்கவில்லை. அபூ ஜஹ்மிடம்தானே அது திரும்பிப் போயிற்று! ஆனால் ஒரு பொருள் எந்தக் காரியத்துக்காக நம்மிடம் இருக்கிறதோ, அந்தக் காரியத்திலிருந்தே நம் கவனத்தைத் திருப்புமானால், அதை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்குத் தெரியவில்லை. பி.சி.ஏ. பிள்ளை அந்தக் கணினியை வாங்கிய முதல் வாரம் எத்தனை வரி நிரல் எழுதினான் என்று கேட்டோம். படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பியதாகச் சொன்னான். இப்போது மூடியின் நிறம் கெடாமலிருக்கக் கறுப்பு உறை ஒன்று வாங்கி அதன்மேல் மாட்டியிருக்கிறான்.

இங்கே நம் தரப்புக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓதிக்கொடுக்கும் நாம் மட்டும் இதற்கு வெளியே நிற்கிறோமா? பெய்ரூத்தில் அச்சான கிதாபுகளின் பொன்னெழுத்து அட்டையைப் பார்த்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தப்ஸீரையே இன்னொரு பதிப்பாக வாங்கி அலமாரியில் அடுக்கிய உஸ்தாதுகளை அறிவோம். அவர்களில் ஒருவரை மிக நெருக்கமாகவே அறிவோம். பழுப்பேறிய பழைய பதிப்பில்தான் இன்றும் பாடம் நடக்கிறது. பொன்னெழுத்துப் பதிப்பின் பக்கங்கள் சில இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இளைஞர்களை மட்டும் சாடுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

அரசு தரும் மடிக்கணினியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டத்தால், நம் வீடுகளில் பலவற்றுக்கு முதன்முதலாகக் கணினி வந்தது. மூடியில் முதல்வரின் படம் இருந்தது. அதுவும் ஒருவகையில் ஸ்பெஷல் எடிஷன்தான். அந்தப் படத்தோடு வெளியே எடுக்க வெட்கப்பட்டு, ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள் அண்ணன்மார். இன்று மூடியில் வேறு யாருடைய பெயரோ இருப்பதற்காகக் கூடுதலாக 14,000 ரூபாய் தருகிறார்கள் தம்பிமார். 2026 ஜனவரியில் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கல்லூரி மாணவர்களுக்கு மீண்டும் மடிக்கணினி வழங்கத் தொடங்கினார்கள். 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் உள்ளது. முதலாண்டுப் பாடத்துக்கு அது தாராளம். அதைப் பெற்ற பிள்ளை, "எல்லாரும் வெச்சிருக்கிறது இது" என்று சொல்லி இன்னொன்று கேட்டால், அதற்குத் தந்தையின் சம்பளத்தில் பதில் இல்லை என்று சொல்லும் துணிவு தாய்மாருக்கு வேண்டும்.

14,000 என்றால் என்ன என்பதை இந்தக் கடற்கரையில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரத்துக்குள் புகுந்தபோது, வலையும் படகும் கறுத்துப்போய்க் கரையில் கிடந்ததை நாம் பார்த்தோம். கடலை நம்பியிருந்த மீனவக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த வாழ்வாதார நிவாரணம் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். படகுகளுக்குப் பத்தாயிரம் தனி. நம் அண்டை வீட்டார் தொழிலை இழந்து நின்றதற்குக் கிடைத்த தொகையைவிட, ஒரு மடிக்கணினி மூடியின் நிறத்துக்கு நாம் தரும் விலை அதிகம்.

உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் ஜாபிர் (ரலி) அவர்கள் இறைச்சி வாங்கிச் செல்வதைக் கண்டு, இது என்ன என்று விசாரித்ததை முவத்தாவில் காண்கிறோம். ஆசையாக இருந்தது, ஒரு திர்ஹமுக்கு வாங்கினேன் என்றார் ஜாபிர். அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் வயிற்றைச் சற்றே சுருக்கிக்கொள்ள உங்களுக்கு மனம் வரவில்லையா என்ற பொருள்படக் கடிந்துகொண்டார்கள் கலீஃபா. வாங்கியது ஹலாலான இறைச்சி. விலை ஒரு திர்ஹம். கடனும் இல்லை, வட்டியும் இல்லை. அதற்கே அந்தக் கேள்வி.

வாங்கப் போகிறவர்களுக்கு, நம் மாணவர் சொல்லக் கேட்டு எழுதிவைத்ததைச் சொல்லிவிடுகிறோம். மாடல் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் முழுவதையும் எழுதி வாங்கி, இரண்டு விவரத்தாளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ரேம் பிறகு கூட்ட முடியுமா என்று கேளுங்கள். நம் பகுதிக்கென்று ஒரு தனிக் கவலையும் உண்டு: உப்புக்காற்றும் அனல்மின் நிலையச் சாம்பலும். கணினியின் விசிறியில் அந்தத் தூசி படிந்து அடைத்துக்கொள்வதால், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் கணினிகளைத் திறக்காமலே அடையாளம் சொல்லிவிடலாம் என்கிறார் அவர். ஆண்டுக்கொருமுறை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். கையில் மிச்சம் இருந்தால் உத்தரவாதத்தை நீட்டிக்கவும், பாடங்களைப் பிரதியெடுத்து வைக்க வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கும் செலவிடுங்கள். அதற்கும் மேலே மிச்சமிருந்தால் அந்தப் பிள்ளையின் தங்கைக்கும் படிப்பு இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சகோதரரின் மகள் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு. கணக்கு டியூஷனை நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த மாதம் முழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் நம் மாணவர் மதரஸாவில் இருப்பார். ரிச்சி தெருவுக்குப் போகுமுன் விவரத்தாளோடு வந்து அவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். கட்டணம் எதுவும் இல்லை. அந்த மச்சானிடம் பேச, வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாமும் ஜமாஅத் பெரியவர் இருவரும் போகிறோம். கார்டு பாக்கி இன்னும் தீரவில்லை. துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.